தாழ்த்தி விடப்பட்ட ஒலிவாங்கி

நான் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கிய ஏழாவது ஆண்டில், பன்னிரண்டு பேர் மட்டும் கலந்துகொண்ட ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தேன். அவரவர் எடுத்தவற்றில் மிகச் சிறந்தவையாகக் கருதும் பத்துப் படங்களை ஒரே அளவில் அச்சிட்டு, பின்பக்கத்தில் மட்டும் பெயர் எழுதிக் கொண்டுவரும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். முதல்நாள் காலையில், பயிற்சி அளிக்க வந்திருந்த மூத்த ஒளிப்படக் கலைஞர் அந்த 120 படங்களையும் வாங்கி, சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, நீண்ட மேசைகளில் பரப்பிவைத்து, ஒரே ஆள் எடுத்தவை என்று தோன்றுகிறவற்றைத் தனித்தனிக் குவியல்களாகப் பிரிக்கச் சொன்னார். தம்முடைய படத்தை யாரும் தொடக்கூடாது, மற்றவர்கள்தான் பிரிக்க வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரம் கழித்துக் குவியல்களைத் திருப்பிப் பார்த்தபோது, என் பத்துப் படங்களும் ஆறு குவியல்களில் சிதறிக் கிடந்தன. நான்கு பேரின் படங்கள் கலந்திருந்த ஒரு குவியலை, ஒரே ஆளுடையது என்று எல்லோரும் உறுதியாக நம்பியிருந்தார்கள். அதில் என் படங்கள் மூன்று இருந்தன. இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொன்று. மேலிருந்து விழும் ஒளிக்கற்றையைக் கடந்துபோகும் நிழலுருவப் படம் ஒன்றை என்னுடையது என்று எண்ணி, விதிப்படி தொடாமல் விட்டிருந்தேன். திருப்பியபோது அதன் பின்னால் வேறொருவரின் பெயர் இருந்தது.

அந்தப் படத்தை எடுத்தவரும் நானும் அதற்கு முன் சந்தித்ததில்லை. இருவரும் ஒரே வகையான படங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரே வகையான பாராட்டுக்குப் பழகி, ஒரே படத்தை வெவ்வேறு இடங்களில் எடுத்துவைத்திருந்தோம். ஏழு ஆண்டுகளில் கேமராவைக் கையாளக் கற்றிருந்தேன். குவியம் தவறாது, ஒளி தவறாது, சட்டகத்துக்குள் தேவையற்றது எதுவும் நுழையாது. ஆனால் அந்தத் திறமை முழுவதும், பிறர் ஏற்கெனவே பார்த்து முடித்ததைத் திரும்பப் பார்ப்பதற்கே செலவாகியிருந்தது என்பதை அந்த மேசையின் முன் நின்றபோதுதான் உணர்ந்தேன். அன்று தொடங்கி இன்றுவரை, ஒளிப்படத்தில் ஒருவருக்குத் தனக்கென்று ஒரு குரல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடுதான் வேலை செய்துவருகிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த விடை, நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

பிறரைப் பின்பற்றியதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொடக்கக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் முழுக்க பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோனின் வழியிலேயே நடந்தேன். அவர் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார் என்பதற்காக நானும் அதையே மாட்டிக்கொண்டு, படிக்கட்டு, வளைவு, சுவரின் நிழல் என்று வடிவம் நன்றாக அமைந்த ஓரிடத்தைத் தேர்ந்து, யாராவது அந்த வடிவத்துக்குள் சரியான இடத்தில் காலெடுத்து வைக்கும்வரை காத்து நின்றேன். இந்தப் பயிற்சி எனக்குப் பொறுமையையும், பின்னணியை முதலில் பார்க்கும் பழக்கத்தையும், விரலும் கண்ணும் ஒருசேர இயங்கும் வேகத்தையும் கொடுத்தது. இவற்றை வேறெந்த வழியிலும் அவ்வளவு விரைவாகக் கற்றிருக்க முடியாது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் யாரையும் பின்பற்றக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவரைத் தேர்ந்து, அரைகுறையாக இல்லாமல் இறுதிவரை பின்பற்ற வேண்டும்; அதன்பின் அவருடைய படங்களையும் நம்முடையவற்றையும் அருகருகே வைத்து, எதை நம்மால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று எழுதிப் பார்க்க வேண்டும். நான் எழுதியபோது, அவருடைய படங்களில் மனிதர்கள்மீது இருக்கும் துள்ளலான ஆர்வம் என் படங்களில் இல்லை என்று எழுத நேர்ந்தது. என் படங்களில் மனிதர்கள் வடிவத்தை நிரப்பவந்த புள்ளிகளாக இருந்தார்கள். அப்போது அதைத் தோல்வியாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆர்வம் வேறெங்கோ இருக்கிறது என்பதற்கான அறிகுறியாக அதைப் படிக்கத் தெரியவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் செய்தது அதைவிடப் பயனற்றது. கணினியில் ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் பிரீசெட்டுகளை வாங்கி, கறுப்பைச் சாம்பலாக வெளிறச் செய்து, நிழல்களை நீலப்பச்சையாகவும் தோலை ஆரஞ்சாகவும் மாற்றினேன். என் படங்கள் அனைத்தும் ஒன்றுபோல் தோன்றத் தொடங்கின. அந்த ஒற்றுமையையே என் பாணி என்று நம்பினேன். பயிலரங்குக்குப் பிறகு ஒருநாள், அந்த மூன்று ஆண்டுப் படங்களில் அறுபதை எடுத்து, மேற்பூச்சு அனைத்தையும் நீக்கி, எந்தத் திருத்தமும் இல்லாத சாதாரணக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். அறுபதும் அறுபது பேர் எடுத்தவைபோல் ஆகிவிட்டன. தமக்கென்று ஒரு பாணி வந்துவிட்டது என்று கருதும் எவரும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துபார்க்க வேண்டும் என்பேன். நிறத்தை எடுத்தபிறகும், நின்ற இடம், விட்ட இடைவெளி, காத்திருந்த கணம் ஆகியவற்றில் ஏதோவொன்று படத்துக்குப் படம் தொடர்ந்தால், அங்கே வளர்த்தெடுக்க ஏதோ இருக்கிறது.

பயிலரங்கின் இரண்டாம் நாள் மாலை அந்த மூத்த கலைஞர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். “நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றைப் பார்த்துவிட்டேன். கழித்தவற்றைக் காட்ட முடியுமா?” மடிக்கணினியோடு எப்போதும் கொண்டுசெல்லும் வன்தட்டில், கூலிக்கு எடுத்துக்கொடுத்த நிகழ்ச்சிகளின் படங்கள் அப்படியே இருந்தன. அப்போது என் பிழைப்பு விழாக்களையும் கூட்டங்களையும் எடுப்பதுதான். ஒரு நிகழ்ச்சியில் எண்ணூறு எடுத்தால் நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் அந்த மிச்சப் படங்களை வேகமாக நகர்த்திக்கொண்டே வந்து, ஒரு படத்தில் நின்றார்.

அது ஒரு பள்ளி விழாவில் எடுத்தது. கடைசியாக மேடையேறிப் பேசியவள் பத்து வயதுச் சிறுமி. அவளுக்காக ஒலிவாங்கியின் தாங்கியைப் பாதி உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். விழா முடிந்து, கூட்டம் கலைந்து, மேடை விளக்குகளில் ஒன்றைத் தவிர மற்றவை அணைக்கப்பட்டபின்னும் அந்த ஒலிவாங்கி அதே உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தையின் வாயருகே நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. பையை மூடப்போனவன் ஒரேயொரு படம் எடுத்தேன். எடுத்த நினைவுகூட இல்லை. விழாப் படங்களை வாங்க வந்தவர்களுக்கு ஆளில்லாத மேடை எதற்கு என்று, கழித்தவற்றோடு போட்டுவிட்டிருந்தேன். அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதை எடுத்தவர்தான் நீங்கள் என்று நினைக்கிறேன், மேசைமேல் இருந்த பத்தையும் எடுத்தவர் வேறு யாரோ. இதைப் போல இன்னும் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்குப் போய்த் தேடுங்கள்” என்றார்.

தேடினேன். நான்கு ஆண்டுகளில் கழித்தவை ஏறத்தாழ 14,000 இருந்தன. இரவு நேரங்களில், நாளுக்கு இருநூறு படங்களுக்குமேல் பார்ப்பதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டு பார்த்தேன். அதற்குமேல் போனால் கண் சோர்ந்து எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எந்தக் கட்டளையும் எந்தப் பாராட்டும் இல்லாமல் இதை ஏன் எடுத்தேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல முடியாத படங்களைத்தான் தனியே எடுத்துவைத்தேன். மூன்று மாதத்தில் 180 படங்கள் சேர்ந்தன. அவற்றை நான்குக்கு ஆறு அங்குலத்தில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்பினேன். இந்த வேலையைத் திரையில் செய்ய முடியாது. திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தரையில் அனைத்தும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன் இருக்கின்றன, கையால் நகர்த்திச் சேர்க்க முடிகிறது, பாதி மூடிய கண்ணோடு தள்ளி நின்று பார்க்க முடிகிறது.

அப்படிப் பார்த்தபோது, எனக்கே தெரியாத ஒருவரோடு பல ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பதைப் போன்ற உணர்வு வந்தது. மூன்றில் இரண்டு பங்குப் படங்கள், நிகழ்வு தொடங்குமுன்னோ முடிந்தபின்னோ எடுக்கப்பட்டிருந்தன. கேமரா பெரும்பாலும் கண்ணுயரத்தில் இல்லாமல் நெஞ்சுயரத்தில் இருந்தது. சட்டகத்தின் ஒரு பாதி இருளாகவே விடப்பட்டிருந்தது. நான் எதனருகிலும் போகவில்லை. எல்லாவற்றையும் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றே பார்த்திருந்தேன். போட்டிகளுக்கு அனுப்பிய படங்களில் இந்த நான்கையும் குறைகளாக எண்ணிக் கவனமாகத் தவிர்த்து வந்தவன் நான். நெருங்கிப் போ, கண்ணுக்குக் கண் எடு, இருளைத் திற, முக்கியமான கணத்தைப் பிடி என்று பிறர் சொன்னவற்றையெல்லாம் கடைப்பிடித்துக் கடைப்பிடித்து, என்னுடையது எதுவோ அதைக் குறிவைத்து நீக்கிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தபோது ஏற்பட்ட வருத்தத்தையும் ஆறுதலையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என்ன என்றும் யோசித்திருக்கிறேன். தந்தையின் பணி மாறுதல்களால் சிறுவயதில் பலமுறை வீடு மாறியவன். சாமான்களையெல்லாம் ஏற்றியபின், எதையாவது மறந்துவிட்டோமா என்று காலியான அறைகளைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்துவரும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுக்காமல் இருப்பதை இப்போதும் மறக்கவில்லை. அதுதான் காரணமாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரிந்ததால் நல்ல படம் எதுவும் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் குரலைத் தேடுகிறவர்கள் பலர் தம் கடந்த காலத்தைத் தோண்டுவதில் காட்டும் அக்கறையைத் தம் கழிவுப் படங்களைப் பார்ப்பதில் காட்டுவதில்லை. அங்கே பதில் ஏற்கெனவே படமாகவே இருக்கிறது.

கண்டுபிடித்தது கையில் வந்ததும், அதைக் கெடுத்துக்கொள்ளும் காலமும் உடனே வந்தது. எனக்குப் பொருள் கிடைத்துவிட்டது, அது ஆளில்லாத இடங்கள் என்று முடிவுசெய்து, ஆறு மாதம் வெறும் நாற்காலிகளாக எடுத்துத் தள்ளினேன். அடுக்கிய நாற்காலி, கவிழ்த்த நாற்காலி, சுவரோரமாகத் தனித்து நின்ற நாற்காலி. நானூறு படங்களுக்குமேல் இருந்தன. ஒன்றுகூட உயிரோடு இல்லை. பொருளைக் குரல் என்று குழப்பிக்கொண்டதுதான் காரணம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் மேகங்களை எடுக்கத் தொடங்கிய கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய உருவப்படங்களின் வலிமை, அவர் முன் அமர்ந்தவர்கள்மீது அவருக்கு இருந்த வசியத்திலிருந்து வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மறுமொழிபோல, யாருக்கும் பொதுவான, யாரும் வசியம் செய்ய முடியாத மேகங்களை 1922இல் எடுக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டே இருந்தார். எதை எடுக்கிறோம் என்பதில் அவருடைய குரல் இருந்திருந்தால், வானத்தை அண்ணாந்து பார்க்கும் எவரும் அந்தப் படங்களை எடுத்திருக்கலாம்.

ஒலிவாங்கிப் படத்தையும் நாற்காலிப் படங்களையும் அருகருகே வைத்து நாள்கணக்கில் பார்த்தபிறகுதான் வேறுபாடு தெரிந்தது. நாற்காலிகளில் யாரும் இல்லை, அவ்வளவுதான். ஒலிவாங்கியிலோ, போனவள் யார், எவ்வளவு உயரம், அவளுக்காக இன்னொருவர் குனிந்து என்ன செய்தார் என்பதெல்லாம் இருந்தன. என் கண் தேடியது வெறுமையை அன்று, ஒருவர் விட்டுப்போன தடயத்தை. அதன்பின் அச்சிட்ட ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் ஒரு கேள்வியை எழுதி, அதற்குக் கீழே பதிலையும் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: பத்து நிமிடம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்திருந்தால் இதில் எது இல்லாமல் போயிருக்கும்? பதில் எழுத முடியாத படங்களைத் தயங்காமல் ஒதுக்கினேன். இது என் படங்களுக்கு உரிய கேள்வி. மனிதர்களின் முகத்தை நெருங்கி எடுக்கிறவருக்கு, நிலக்காட்சி எடுக்கிறவருக்கு, வேறு கேள்வி வேண்டியிருக்கும். அவரவர் தரையில் பரப்பிய படங்களிலிருந்து அதை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். கடன் வாங்கிய கேள்வியால் பயனில்லை.

கருவி பற்றிய முடிவுகளையும் அந்த 180 படங்களே எடுத்துக்கொடுத்தன. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும், லென்ஸ் எவ்வளவு அகலமாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் குவியத் தொலைவு, ஒளி நுழையும் துளையின் அளவான அபெர்ச்சர், ஷட்டர் வேகம் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்கிறது. படங்களை வகைப்படுத்தும் மென்பொருள்கள் இதைக் கணக்கெடுத்துக் காட்டும். என்னிடம் இருந்தது 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ். என் கழிவுப் படங்களில் 121 படங்கள் 32க்கும் 40க்கும் இடையில் எடுக்கப்பட்டிருந்தன. நான் தேர்ந்தெடுத்து வெளியிட்ட படங்களிலோ பெரும்பகுதி 24இலும் 70இலும், அதாவது வளையத்தைத் திருப்ப முடிந்த இரு கோடிகளிலும் இருந்தன. கவனத்தை ஈர்க்க வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் கோடிக்குப் போயிருக்கிறேன். நினைப்பு இல்லாதபோது நடுவில் நின்றிருக்கிறேன். எனவே ஜூமைக் கழற்றிவைத்துவிட்டு, 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் பதினான்கு மாதங்கள் பயன்படுத்தினேன். பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவுக்கே உணரி உள்ள முழுச்சட்டகக் கேமராவில் அது மூலைவிட்டத்தில் ஏறக்குறைய 63 பாகைக் கோணத்தைக் காட்டுகிறது. ஐந்தாறு மாதங்களில், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகுமுன்பே சட்டகத்தின் ஓரங்கள் எங்கே விழும் என்று தெரிந்துவிடுகிறது. பொருள்களுக்கு இடையிலான அளவு உறவு லென்ஸால் மாறுவதில்லை, நாம் நிற்கும் தொலைவால்தான் மாறுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், ஜூம் வளையம் இல்லாத அந்தப் பதினான்கு மாதங்களில் கால்களால்தான் கற்றேன். எல்லோரும் 35க்குப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரவர் கோப்புகளை எண்ணிப் பார்த்தால் அவரவர் எண் கிடைக்கும்.

இதைவிட ஆழமாக என்னைப் பாதித்தது ஒளி அளவீட்டைப் பற்றிய புரிதல். கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது வெண்சுவரா கரும்பலகையா என்று அறியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. ஆகவே அந்தி நேரத்து அறையைத் தானியங்கி முறையில் எடுத்தால் அது மதியம்போல் வெளுக்கிறது. அதுபோலவே, வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சமன்செய்யும் தானியங்கி வெண்சமநிலை, மாலையின் மஞ்சளைப் பிழை என்று கருதித் திருத்தப் பார்க்கிறது. பல ஆண்டுகள் இவற்றைக் கேமராவின் வசதிகள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவை கேமராவின் கருத்துகள். கோடிக்கணக்கானவர்களுக்குப் பொதுவாகப் பிடிக்கும் சராசரியைக் கணக்கிட்டு அந்தக் கருத்துகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். நான் நின்ற அறை எனக்கு எவ்வளவு இருட்டாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியவன் நான். அன்றுமுதல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் (பாதி அளவு), சில இடங்களில் அதற்கும் சற்றுக் கூடுதலாகக் குறைத்து எடுக்கத் தொடங்கினேன். விளக்கின் அருகே இருக்கும் வெளிச்சப் பகுதி வெளிறிப்போகாமல் நின்றது. இருள் இருளாகவே இருந்தது. வெண்சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்கு உரிய 5500 கெல்வினில் நிறுத்திவைத்தேன். கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுக்கும்போது இதைப் பின்னாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ஓர் அளவில் நிலைநிறுத்தும்போது, இந்த அறை அந்த அறையைவிட எவ்வளவு மஞ்சள், இந்த மாலை நேற்றைய மாலையைவிட எவ்வளவு நீலம் என்பது படத்துக்குப் படம் மாறாமல் தெரிகிறது. கண் அதற்குப் பழகி, எடுக்குமுன்னரே முடிவுசெய்யக் கற்றுக்கொள்கிறது. என் படங்களில் பிறர் இன்று அடையாளம் காணும் இருளுக்கு மென்பொருளில் செய்யும் வேலை மிகக் குறைவு. கேமராவின் கருத்தோடு உடன்படாமல் போன இடத்தில்தான் அது பிறக்கிறது.

எனினும் என் அனுபவத்தில், குரல் உருவாகும் முதன்மையான இடம் தேர்வு செய்யும் மேசைதான். ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955இலும் 1956இலும் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து 27,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றிலிருந்து நூலுக்காக அவர் தேர்ந்தது 83. கழிந்துபோனவற்றிலும் நல்ல படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். ஆனால் அந்த எண்பத்து மூன்றும் அவை வைக்கப்பட்ட வரிசையுமே இன்று அவரை நமக்கு அவராகக் காட்டுகின்றன. இதற்கு மறுபுறத்தில் விவியன் மையர் இருக்கிறார். குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்களை எடுத்தவர் அவர். வாடகைக் கிடங்கில் இருந்த அவருடைய நெகட்டிவ்கள் 2007இல் ஏலத்துக்கு வந்தபின்பே உலகம் அவற்றைப் பார்த்தது. 2009இல் அவர் இறந்துவிட்டார். அந்தப் படங்களை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றை வேறு யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவரே தேர்ந்திருந்தால் நாம் அறிந்த விவியன் மையர் வேறொருவராக இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

தேர்வு செய்வதற்கு எனக்குப் பெரிதும் உதவியது காலம் தாழ்த்துவது. அமெரிக்கத் தெரு ஒளிப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிம் சுருள்களை உடனே கழுவாமல் ஓராண்டோ அதற்கு மேலோ வைத்திருந்து கழுவும் வழக்கம் உடையவர். எடுத்த நாளின் மகிழ்ச்சி படத்தின் மதிப்பாகத் தோன்றிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். என்னால் அவ்வளவு காத்திருக்க முடியவில்லை. ஆறு வாரம் காத்திருக்கிறேன். மழையில் நனைந்து, இரண்டு மணி நேரம் நின்று எடுத்த படம் என்ற நினைவு அதற்குள் மங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு என்றும் தெரியப்போவதில்லையாதலால் அந்த நினைவு படத்தின் பகுதி ஆகாது. பிறகு சிறிய அச்சுகளைச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு ஒன்றாகக் கழற்றுகிறேன். நடந்து போகும்போது கண் தானாக நிற்கும் படமும், முதல்நாள் கவர்ந்து மூன்றாம் வாரத்தில் சலித்துப்போகும் படமும் சிறிது சிறிதாகப் பிரிகின்றன.

பிறரிடம் காட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், அன்புள்ளவர்கள் ஆம் என்பார்கள், பழகியவர்கள் குறிப்புகள் தருவார்கள். இரண்டிலிருந்தும் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. ஒளிப்படம் எடுக்காத இரண்டு பேரிடம் மட்டும் காட்டி, இதில் என்ன தெரிகிறது, இங்கே என்ன நடந்திருக்கும் என்று கேட்கிறேன். அவர்கள் சொல்வது நான் கண்டதிலிருந்து விலகும் இடத்தில், சட்டகத்தில் நான் எங்கோ தெளிவில்லாமல் இருந்திருக்கிறேன் என்று தெரிகிறது. இணையத்தில் விழும் விருப்பக்குறிகளை நான் பொருட்படுத்துவதில்லை. ஒலிவாங்கிப் படத்துக்கு மொத்தம் பதினொன்று கிடைத்தன.

பிழைப்புக்கான வேலையும் சொந்த வேலையும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று அஞ்சுகிறவர்களைச் சந்திக்கிறேன். எனக்கு அப்படி நேரவில்லை. நியூயார்க்கில் வாழ்ந்த சால் லைட்டர் ஆடை அலங்கார இதழ்களுக்குப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டே, 1940களின் இறுதியிலிருந்து, பெரும்பாலும் தாம் வாழ்ந்த சில தெருக்களுக்குள்ளேயே, மழைத்துளி படிந்த கண்ணாடிகள் வழியே வண்ணப் படங்களை எடுத்துவந்தார். அந்த வண்ணப் படங்கள் பரவலாக அறியப்பட்டது 2006இல் அவை நூலாக வந்தபிறகுதான். அப்போது அவர் எண்பதைக் கடந்தவர். நான் செய்வது எளியது. ஒப்புக்கொண்ட வேலையை வாடிக்கையாளர் கேட்டபடி, நேர்த்தியாக, என் விருப்பத்தைத் திணிக்காமல் முடிக்கிறேன். எல்லோரும் கிளம்பியபின் இருபது நிமிடம் அங்கேயே இருக்கிறேன். அந்த இருபது நிமிடம் ஒப்பந்தத்தில் இல்லாதது, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாதது. என் சொந்தப் படங்களில் பாதி அந்த நேரத்தில் கிடைத்தவை.

தனிப் படங்களிலிருந்து ஒரு தொடருக்குப் போனபோதுதான் வரம்புகளின் அருமை புரிந்தது. ஜெர்மானியத் தம்பதியரான பெர்ன்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் 1959இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் உலைகளையும், நிழல் விழாத மேகமூட்டமான நாள்களில், நேர் எதிரில் நின்று, ஒரே முறையில் எடுத்தார்கள். தம்மை முற்றிலும் மறைத்துக்கொண்டவர்களைப் போன்ற அந்த முறைதான், எங்கு பார்த்தாலும் இது அவர்கள் எடுத்தது என்று சொல்லவைக்கிறது. நான் ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைக் கூடத்தை எடுத்துக்கொண்டேன். 35 மி.மீ. லென்ஸ், நெஞ்சுயரம், இருக்கிற வெளிச்சம், நடிகர்கள் கலைந்தபின் உள்ள நேரம், எதையும் கையால் நகர்த்தக் கூடாது என்பவை நானே வகுத்துக்கொண்ட விதிகள். கடைசி விதிதான் மிகக் கடினமானது. ஒரு காகிதக் கோப்பையைச் சற்றுத் தள்ளிவைத்தால் படம் சீராகிவிடும் என்று தெரிந்தும் தொடாமல், நானே நகர்ந்து, அப்போதும் அமையாவிட்டால் எடுக்காமல் திரும்பியிருக்கிறேன். தரையில் தேய்ந்துபோன சுண்ணக்கட்டிக் குறிகள், சுவரில் முதுகு சாய்த்துச் சாய்த்து மெருகேறிய ஒரு திட்டு, வசனத்தாள் பறக்காமலிருக்க மேலே வைத்த ஒற்றைச் செருப்பு என்று, ஒவ்வொரு நாளும் போன மனிதர்கள் வெவ்வேறு விதமாக அங்கே மிஞ்சியிருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆகின்றன. சுவரில் இப்போது 38 படங்கள் இருக்கின்றன. கடந்த சில மாதங்களாக, விதிகளை மீறி ஒரு மனிதர் என் சட்டகத்துக்குள் வரத் தொடங்கியிருக்கிறார். எல்லோரும் போனபின் கூடத்தைப் பெருக்கவரும் முதியவர் அவர். முதலில் அவர் நகரும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் சுண்ணக்கட்டிக் குறிகளின்மேல் துடைப்பம் படாமல், ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பெருக்குவதைக் கவனித்தேன். அதை எடுக்க நான் இரண்டு மீட்டருக்கும் உள்ளே போக வேண்டியிருந்தது. இதுவரை நான் பழகாத நெருக்கம் அது. அந்த வகையில் ஐந்து படங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை மற்றவற்றோடு சேர்க்காமல், சுவரின் இடது ஓரத்தில் தனியாக ஒட்டிவைத்திருக்கிறேன். ஆறு வாரம் முடிய இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.